வசனம் கை மாறிய வெள்ளிக்கிழமை

ஹெஸ்டர் லவிபாண்ட் எழுதிய ஸ்கிரிப்டில் ஒரு கமாவைக்கூட யாரும் தொட முடியாது என்பது லண்டன் சினிமாக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அரண்மனையில் பட்டம் வாங்கிய ஒரு பெரிய நடிகர், "போகலாம்" என்று எழுதியிருந்ததை "போயிடலாம்" என்று சொல்லிவிட்டார் என்பதற்காக, அவரைப் பதினான்கு முறை திரும்பச் சொல்ல வைத்தவள் அவள். பதினைந்தாவது முறைதான் "இப்போது பரவாயில்லை" என்றாளாம். நடிக்க வந்து நாற்பத்தெட்டு ஆண்டு, எழுத வந்து முப்பது ஆண்டு. அறுபத்தெட்டு வயதுக்குள் இரண்டு பேருடைய பிழைப்பைப் பிழைத்துவிட்டு, இன்னும் காலை ஐந்து மணிக்கு எழுந்து படப்பிடிப்புக்கு முதல் ஆளாக வந்து நிற்கிற மனுஷி.

அப்படிப்பட்டவளுக்கு அந்த வெள்ளிக்கிழமை காலை கமாவைப் பற்றிக் கவலை இல்லை, தான் எழுதியதை ஒருவன் சொல்லி முடிப்பானா என்பதுதான் கவலை. யார்க்ஷயர் கடற்கரையில், படத்துக்காக வாடகைக்கு எடுத்த வீட்டின் சமையலறையில், அக்னஸ் என்ற கிழவியின் வேஷத்தில் நின்றுகொண்டு, வாசலில் வந்து நின்ற காரைப் பார்த்தாள். காரிலிருந்து, அவளோடு தொழில் தொடங்கிய பழைய நடிகன் எம்ரிஸ் ப்ராசர் இறங்கினான். எழுபத்திரண்டு வயது, நெடுநெடுவென்ற உயரம், சட்டைப் பித்தான் ஒன்று மாற்றிப் போட்டிருந்தது. இறங்கியதும் ஓட்டுநருக்குக் கை கொடுத்து, "பிரமாதமா ஓட்டினீங்க, கடைசி அங்கத்துல கொஞ்சம் வேகம் கூட்டலாம்" என்றான்.

லண்டனுக்கு வெளியே, ஓய்வு பெற்ற நடிகர்கள் தங்கும் விடுதி ஒன்றில் இரண்டு வருஷமாக இருக்கிறான். ஞாபகம் நழுவ ஆரம்பித்திருந்தது. இது தெரிந்தேதான் ஹெஸ்டர் இந்தப் படத்தில் ஒரு வேஷத்தை அவனுக்கென்று எழுதினாள். அவனையே போட வேண்டும் என்று தெரிந்தேதான் சண்டையும் போட்டாள். தயாரிப்பாளர் ரோவீனா கார் மோசமானவள் இல்லை, ஆனால் படத்தை முடித்துக் கொடுக்க வேண்டியவள். முந்தின வாரம் ஹெஸ்டரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினாள்.

"ஹெஸ்டர், நான் கல்நெஞ்சக்காரி இல்ல. அவருக்கு ஒரு நாள் தர்றேன். வெள்ளிக்கிழமை வெளிச்சம் போறதுக்குள்ள அந்தச் சமையலறைக் காட்சியை முடிச்சிட்டார்னா, படம் முழுக்க அவர்தான். முடியலேன்னா திங்கக்கிழமை வேற ஆள் வருவார்."

"வேற ஆள் யாருன்னு பேசிட்டியா?"

"கோட்டுக்கு அளவே எடுத்தாச்சு. மன்னிச்சிடுங்க."

நவம்பர் மாதம் அந்தக் கடற்கரையில் வெளிச்சம் என்பது பேருக்குத்தான். எட்டரை மணிக்குத் தயங்கித் தயங்கி வரும், மூன்றரைக்கு நம்மைக் கேட்காமலே போய்விடும். அதற்குள் எம்ரிஸ் ஒரு பக்கம் வசனம் பேச வேண்டும். ஒரே ஒரு பக்கம்.

காட்சி இதுதான். அக்னஸும் வால்டரும் இளம் வயதில் ஒரு படகுத்துறை அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள். ஒருநாள் வால்டர் புறப்பாட்டு மணியை அவசரப்பட்டு அடித்துவிட, கடைசிப் படகு இருபது பேரைத் தீவிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறது. அக்னஸ், "மணி அடித்தது நான்" என்று பழியை ஏற்றுக்கொண்டு வேலையை இழக்கிறாள். நாற்பத்தாறு வருஷம் கழித்து வால்டர் அவள் வீட்டுக் கதவைத் தட்டி நன்றி சொல்கிறான். எம்ரிஸ் வால்டர், ஹெஸ்டர் அக்னஸ். தான் எழுதியதிலேயே நல்ல வசனம் இதுதான் என்று ஹெஸ்டருக்கு ரகசியமாக ஒரு கர்வம் இருந்தது. பதினொரு மாதம், ஏழு முறை திருத்தி எழுதியது.

டைரக்டர் ஃபெர்கஸ் டன்மோர் முப்பத்து நான்கு வயதுக்காரன், மெதுவாகப் பேசுகிறவன். "அவசரமே இல்ல, எம்ரிஸ். உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்றான்.

முதல் டேக். ஹெஸ்டர் கதவைத் திறந்தாள்.

"உள்ள வா, வால்டர். வழியில மழையா?"

"மழை இல்ல, அக்னஸ். நாப்பத்தாறு வருஷமா சொல்லாத ஒண்ணைச் சொல்ல வந்தேன்." குரல் அப்படியே இருந்தது, அடிவயிற்றிலிருந்து வரும் அந்த வேல்ஸ்காரக் குரல். ஹெஸ்டருக்கு உயிர் வந்தது. "அன்னைக்கு மணி அடிச்சது நான்" என்றான். கண்கள் ஒரு கணம் ஜன்னல் பக்கம் போய் வந்தன. "அப்போ கர்னல் நூலகத்துலதான் இருந்தார், இன்ஸ்பெக்டர். கதவு உள்பக்கமாப் பூட்டியிருந்தது."

அது ஏதோ பழைய நாடகத்து வசனம். அவன் சொன்ன உறுதியைப் பார்த்து ஒலிப்பதிவு செய்கிறவர் கர்னல் எங்கே என்று திரும்பிப் பார்த்தார்.

இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு வாராந்திர நாடகக் கம்பெனி என்றால் என்னவென்று தெரியாது. எம்ரிஸும் ஹெஸ்டரும் தொழில் தொடங்கியது அங்கேதான். கடலோர ஊர் ஒவ்வொன்றிலும் ஒன்று இருந்தது. திங்கட்கிழமை புது நாடகம், சனிக்கிழமை அதற்குக் கருமாதி. காலையில் அடுத்த வார நாடகத்துக்கு ஒத்திகை, மாலையில் இந்த வார நாடகம், படுக்கப் போகும் முன் அதற்கும் அடுத்த வாரத்துக்கு மனப்பாடம். ஒரே மண்டைக்குள் மூன்று நாடகங்கள் ஒண்டுக்குடித்தனம் நடத்தும். எல்லாவற்றிலும் ஒரே வரவேற்பறை, ஒரே சோபா, ஒரு கர்னல், ஒரு பாதிரியார், ஒரு பிணம். எம்ரிஸ் இப்படிப் பதினேழு வருஷம் உழைத்தவன். எழுநூறு நாடகங்களுக்கு மேல் அவன் தலைக்குள் தனித்தனியாகப் பூட்டி வைத்திருந்தன. இப்போது பூட்டுகள்தான் கழன்றுவிட்டன.

இரண்டாவது டேக்கில் அவன் பாதிரியாராகி, ஹெஸ்டரின் மறைந்த அத்தைக்கு இரங்கல் சொன்னான். மூன்றாவதில் வேலைக்காரனாகி, "விருந்து தயார், மேடம்" என்று குனிந்தான். வசனம் பிசகினால் யார் தப்பு என்று குறித்துக்கொள்ள, ஸ்கிரிப்டும் கையுமாக மூலையில் உட்கார்ந்திருந்த நோரீன் மெல்ல வசனத்தை எடுத்துக் கொடுத்தாள். "ரொம்ப நன்றி, கண்ணு" என்று பணிவாக வாங்கிக்கொண்டு வேறொரு நாடகத்துக்குக் கிளம்பிவிட்டான். காதுக்குள் ஒரு சின்னக் கருவியை வைத்து, பக்கத்து அறையிலிருந்து நோரீனைச் சொல்லச் சொன்னார்கள். அவன் பாதி வசனத்தில் நின்று, "யாரும்மா நீ? எதுக்கு என் காதுக்குள்ள உக்காந்திருக்கே? வெளிய வா, குளிர் இல்ல" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு ஹெஸ்டர் பக்கம் சாய்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இந்த வாரம் எது, ஹெஸ்?" என்றான்.

அது பழைய கேள்வி. திரை தூக்குவதற்கு முன் இருட்டில் நின்று அவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது. இந்த வாரம் எது? அதற்கு நாடகத்தின் பேரைச் சொன்னால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். ஹெஸ்டர் படத்தின் பேரைச் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். அந்தப் பேர் அவனுக்குள் எதையும் திறக்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

ஒன்பதாவது டேக்கில் அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "எல்லாரும் மன்னிக்கணும். எனக்கு எல்லா வாரமும் ஒரே வாரமாயிடுச்சு" என்றான். அப்போது யாரும் சிரிக்கவில்லை. ஃபெர்கஸ் சாப்பாட்டு இடைவேளை என்று அறிவித்தான்.

வெளியே, சாப்பாட்டு வண்டியின் பக்கத்தில், ரோவீனா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"ஒரு மணி ஆச்சு, ஹெஸ்டர். இன்னும் ரெண்டரை மணி நேரம். நான் போய் அந்த இன்னொருத்தருக்குப் போன் பண்ணட்டுமா? அவர் படற கஷ்டத்தை என்னாலயே பார்க்க முடியல."

"உன்னால முடியலேன்னா கண்ணை மூடிக்கோ" என்று எரிந்து விழுந்தாள் ஹெஸ்டர். சொன்ன பிறகு பாவமாக இருந்தது. "இல்லம்மா. மூணரை வரைக்கும் பொறு. அவ்வளவுதான் கேக்கறேன்."

தன் கேரவனுக்குள் நுழைந்தபோது எம்ரிஸ் அங்கே மேஜை முன் உட்கார்ந்து, மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' என்ற பண்டத்தை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"பை நல்லா இருக்கு. மேலோடு மொறுமொறுன்னு. நாம இருந்த காலத்துல அந்த வீட்டுக்காரம்மா போடறது ஞாபகம் இருக்கா? செருப்புக்கு அடிப்பாகம் தைக்கலாம்."

"இருக்கு."

"அதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு எனக்கு. காலைல என்ன நடந்ததுன்னு கேளு, தெரியாது." முள்கரண்டியைக் கீழே வைத்தான். "என்னை அனுப்பிடு, ஹெஸ். அழகா அனுப்பு. வயித்து வலின்னு சொல்லிடு. கோட்டு தச்சு வச்சிருக்காங்களாமே அந்த ஆளுக்கு, குடு அவனுக்கு."

"யார் சொன்னா உனக்கு?"

"தையல்காரப் பொண்ணு. நல்ல பொண்ணு. அழுதா."

"வாயை மூடிட்டு சாப்பிடு."

"இன்னும் அதே அதட்டல்டி உனக்கு!" அவன் சிரித்தான். "எனக்கு வசனம்தான் போச்சு. காது போகல. எதிர்ல ஒருத்தர் நல்லாப் பேசினா நாள் பூரா நின்னு கேப்பேன். அதுக்கு மட்டும் எவனாவது வேலை குடுத்தா தேவலை."

அது பொய்யில்லை. எம்ரிஸ் மேடையில் அடுத்தவர் பேசுவதைக் கேட்கிற அழகைப் பார்க்கவே அந்தக் காலத்தில் கூட்டம் வரும். சுமாரான நடிகர்கள்கூட அவன் எதிரில் நின்றால் பெரிய நடிகர்களாகத் தெரிவார்கள்.

"சரி. உன் வசனத்தை நான் சொல்றேன். நீ கேளு. அப்புறம் நீ சொல்லிப் பாரு" என்று ஹெஸ்டர் அவனுடைய வசனத் தாளை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். அதுவரை அந்த வசனத்தை அவள் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. எழுதியிருக்கிறாள், திருத்தியிருக்கிறாள், அடுத்தவர் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

"அன்னைக்கு மணி அடிச்சது நான். பழியை ஏத்துக்கிட்டது நீ. வேலை போனது உனக்கு. நான் வாயே திறக்கல. அதுக்கப்புறம் எனக்குக் கிடைச்சதெல்லாம், வீடு, பேரு, என்னைக் கண்டா எழுந்து நிக்கற மனுஷங்க, எல்லாமே நீ எழுந்து போன நாற்காலில உக்காந்து நான் வாங்கினது..."

அங்கேயே நிறுத்திவிட்டாள்.

எதிரில் எம்ரிஸ் கேட்டுக்கொண்டிருந்தான். கரண்டியைத் தொடாமல், கண்ணை எடுக்காமல், அவள் சொல்வது உலகத்திலேயே முதல் முறையாகச் சொல்லப்படுவது போல. அந்த முகத்தைப் பார்த்ததும் ஹெஸ்டருக்கு 1957ஆம் வருஷத்து வியாழக்கிழமை ஒன்று முழுசாக எதிரில் வந்து நின்றது.

அவளுக்கு அப்போது இருபத்திரண்டு. ஹல் நகரத்துப் பேருந்து நடத்துநர் ஒருவரின் மகள், நாடகக் கம்பெனிக்கு வந்து இரண்டு வருஷம். அந்த வார நாடகத்தில் அவள் ஒரு வக்கீல் குடும்பத்தின் காரியதரிசி, கல்யாணமாகாதவள். எம்ரிஸ் அந்த வீட்டு மகன். மூன்றாவது அங்க முடிவில் இருவருக்கும் கல்யாணம். முதல் அங்கத்தில் எம்ரிஸ், "தபால் வந்துச்சா?" என்று கேட்க வேண்டும். அவள், "இன்னும் இல்ல சார்" என்று சொல்ல வேண்டும். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஆனால் அதற்கு முந்தின வார நாடகத்திலும் ஒருவன், "தபால் வந்துச்சா?" என்று கேட்டிருந்தான். ஹெஸ்டர் வாயில் அந்தப் பதில் வந்துவிட்டது.

"வந்துச்சு. ஆர்தர் செத்துட்டார்."

நாடகத்தில் ஆர்தர் என்று யாருமே கிடையாது. எம்ரிஸ் ஒரு நொடி அவளைப் பார்த்தான். "எந்த ஆர்தர்?" என்றான். அவளோ நல்ல தூக்கத்தில் நடக்கிறவள் மாதிரி, "என் புருஷன்" என்றாள். சொன்ன பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது உறைத்தது. நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை.

எம்ரிஸ் நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தான். "கல்யாணம் ஆனதைச் சொன்னா வேலை போயிடும்னு மறைச்சிட்டீங்க, இல்லையா? இந்த வீட்ல யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டோம். அந்த மனுஷன் உங்களை விட்டுட்டுக் கப்பல்ல போய் எத்தனை வருஷம் ஆச்சு? ஏழு வருஷம் இருக்குமா? தண்ணியைக் குடிங்க. அழுது முடிச்சதும் அந்த உயிலை டைப் அடிக்கலாம்" என்றான். நான்கு நிமிஷம். அதற்குள் இல்லாத ஒரு ஆர்தரைப் பிறக்க வைத்து, ஓட வைத்து, கௌரவமாக அடக்கமும் செய்து, மூன்றாவது அங்கத்தில் தான் கட்டிக்கொள்ளத் தோதாக அவளை விதவையாக்கி, உயில் இருந்த மேஜைக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். ஜனங்கள் கை தட்டினார்கள். வசனம் என்பது வானத்திலிருந்து விழுவதில்லை, ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனைத் தூக்கிவிடுவதற்காக அந்த இடத்திலேயே செய்வது என்பது ஹெஸ்டருக்கு அன்றுதான் தெரிந்தது. பதினாறு வருஷம் கழித்து, ஹீரோவின் அம்மா வேஷம் மட்டுமே தன்னைத் தேடி வர ஆரம்பித்தபோது, பேனாவை எடுத்துத் தனக்கு வேண்டிய வேஷத்தைத் தானே எழுதிக்கொள்ளும் தைரியம் அவளுக்கு அங்கிருந்துதான் வந்தது.

ஆனால் கதை கை தட்டலோடு முடியவில்லை. கம்பெனி முதலாளி ஸ்பென்ஸ்லி பாதியில் வந்து அரங்கத்தின் பின்னால் நின்றிருந்தார். ஒரு நாடகத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் அந்த வாரத்தோடு வேலை காலி என்பது அவர் சட்டம். திரை விழுந்ததும் மேடைக்கு ஏறி, "எவன்டா தாவினது?" என்று கத்தினார். ஹெஸ்டர் வாயைத் திறப்பதற்குள் எம்ரிஸ், "நான்தான் சார். தப்பாக் கேள்வி கேட்டுட்டேன். பாவம், இந்தப் பொண்ணுதான் சமாளிச்சா" என்றான்.

ஹெஸ்டர் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். வழியனுப்பக்கூட அவள் போகவில்லை, வாடகை அறையில் போர்வைக்குள் ஒளிந்துகொண்டாள். சமாளித்த பெண் என்று ஸ்பென்ஸ்லி அவளுக்கு அடுத்தடுத்து முதல் வேஷமாகக் கொடுத்தார். வசந்த காலத்தில் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். அங்கிருந்து லண்டன், அங்கிருந்து எல்லாமே. பின்னால் எம்ரிஸோடு மூன்று முறை சேர்ந்து நடித்திருக்கிறாள், கிறிஸ்துமஸ் வாழ்த்து தவறாமல் அனுப்பியிருக்கிறாள். அந்த வியாழக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்போது கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பதினொரு மாதம் உட்கார்ந்து இவள் எழுதியது என்ன? பழி ஏற்ற உத்தமி வேஷம் தனக்கு. நாற்பத்தாறு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவன் வேஷம் அவனுக்கு. நன்றி சொல்ல வேண்டியவள் பெருந்தன்மையாக எதிரில் உட்கார்ந்து நன்றி வாங்கிக்கொள்கிறாள், அதுவும் அவன் வாயிலிருந்து. இதைவிடக் கொழுப்பு உலகத்தில் உண்டா? அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலுக்கு அடியிலேயே, சின்னதாக, ஒரு நிம்மதியும் இருந்தது.

"ஏன் நிறுத்திட்டே? நல்லா இருந்துச்சே" என்றான் எம்ரிஸ்.

"நீ பையைச் சாப்பிடு. வந்துடறேன்."

ஃபெர்கஸும் ரோவீனாவும் சமையலறையிலேயே நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஹெஸ்டர் நேராகப் போய்த் தாளை மேஜைமேல் வைத்தாள்.

"ஆளை மாத்தறோம். மணி அடிச்சது அக்னஸ். வேலையை விட்டுட்டுப் போனது வால்டர். இது வால்டர் வீடு. நான் வந்து கதவைத் தட்டறேன், நான் பேசறேன். அவன் கேக்கறான்."

இருவரும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"ஹெஸ்டர்," என்றாள் ரோவீனா, "ஒரு கமாவுக்காக ஒரு மனுஷனைக் கண்ணீர் விட வச்ச ஹெஸ்டர்தானே நீங்க?"

"அந்தக் கமா சரியான இடத்துல இருந்தது. இந்த வசனம் தப்பான ஆள்கிட்ட இருக்கு."

ஃபெர்கஸ் தலையைச் சொறிந்தான். "இளமைக் காட்சியெல்லாம் இன்னும் எடுக்கல, நல்ல வேளை. ஆனா மத்த பக்கமெல்லாம்?"

"பதினேழு பக்கம். ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதித் தர்றேன்."

"அவருக்கு வசனமே இல்லையா?"

"கடைசில ஒரே வரி. 'டீ ஆறிடுச்சு, அக்னஸ்.'"

"அதையும் மறந்துட்டா?" என்றாள் ரோவீனா.

"மறக்கட்டும். டீ ஆறினது பார்க்கறவங்களுக்கே தெரியும்."

ஒரு மணி நேரம் ஓட்டமும் நடையுமாகக் கழிந்தது. வெளியே இருந்த விளக்குகளை உள்ளே, உள்ளே இருந்ததை வெளியே. தையல்காரப் பெண் எங்கிருந்தோ ஒரு நீலக் கோட்டைக் கொண்டுவந்து ஹெஸ்டருக்கு மாட்டினாள். நோரீன் வசனத்தைச் சரிபார்க்க வந்து, "என்னென்ன மாத்தணும்?" என்று பென்சிலோடு நின்றாள். இருவரும் வரி வரியாகப் பார்த்தார்கள். தொடக்கத்தில் கூப்பிடுகிற பேரைத் தவிர ஒன்றுமே மாற்ற வேண்டியிருக்கவில்லை. வசனம் முதலிலிருந்தே அவளுடைய வாய்க்குத்தான் தைத்திருந்தது.

இரண்டு ஐம்பதுக்கு எம்ரிஸை மேஜை முன் உட்கார வைத்தார்கள். எதிரில் டீக் கோப்பை.

"நான் என்ன செய்யணும்?" என்றான்.

"நான் பேசுவேன். நீ கேளு."

"அவ்வளவுதானா? சம்பளம் குடுப்பாங்களா இதுக்கு?"

கேமரா ஓட ஆரம்பித்தது. ஹெஸ்டர் கதவைத் தட்டி உள்ளே வந்தாள். கோட்டைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. நாற்பத்தெட்டு வருஷத் தொழிலில் கற்றுக்கொண்ட எதுவும் அப்போது அவளுக்குக் கை கொடுக்கவில்லை. குரல் எங்கே உயர வேண்டும், எங்கே மூச்சு விட வேண்டும், ஒன்றும் தெரியவில்லை. தெரிய வேண்டியிருக்கவும் இல்லை. மணி அடித்தது நான் என்றாள். பழியை ஏற்றது நீ என்றாள். நாற்காலியைப் பற்றிச் சொல்லும்போது எம்ரிஸின் உதடு அசைந்தது. கர்னல் வரப்போகிறாரா? இன்ஸ்பெக்டரா? அவன் எச்சிலை விழுங்கினான், அவ்வளவுதான். மேலே சொல் என்பது மாதிரி லேசாகத் தலையசைத்தான்.

"உன்கிட்ட வந்து சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. வெக்கம் போகட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன். அது போகவே இல்ல. அதனால வெக்கத்தோடவே வந்துட்டேன். நன்றி. நீ குடுத்ததை நான் வீணாக்கல. அதை மட்டுமாவது உனக்குச் சொல்லணும்."

வசனம் முடிந்தது. இனி அவனுடைய வரி. சமையலறையில் முப்பது பேர் மூச்சை அடக்கி நின்றார்கள். நோரீன் எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தாள், ஃபெர்கஸ் கையைத் தூக்கித் தடுத்தான்.

எம்ரிஸ் கோப்பையை ஒதுக்கி வைத்தான்.

"உக்காரு பொண்ணே. கால் வலிக்கப் போகுது" என்றான். ஹெஸ்டர் உட்கார்ந்தாள். "அந்த வேலை போனது எனக்கு எவ்வளவு நல்லதாப் போச்சு தெரியுமா? ஞாயித்துக்கிழமை ஸ்கார்பரோ ரயில்ல ஏறினேன், வேற வேலை தேடி. எதிர் சீட்டுல மாவிஸ் உக்காந்திருந்தா. மடியில ஒரு கூடை, உள்ள ஒரு பூனை. அது என் விரலைக் கடிச்சிடுச்சு, அவ தன் கைக்குட்டையைக் கிழிச்சுக் கட்டிவிட்டா."

ஹெஸ்டர் மனசுக்குள் வேகவேகமாகத் தேடினாள். எந்த வாரம் இது? எந்த நாடகத்தில் ரயில் வருகிறது, எதில் பூனை? ஆயுசில் தான் நடித்ததையும் அடுத்தவர் நடித்துப் பார்த்ததையும் எல்லாம் புரட்டினாள். எதிலும் மாவிஸ் இல்லை. மாவிஸ் முப்பத்தெட்டு வருஷம் எம்ரிஸின் மனைவியாக இருந்து, ஐந்து வருஷத்துக்கு முன் இறந்துபோனவள். அவர்கள் எங்கே சந்தித்தார்கள் என்று ஹெஸ்டர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச வேண்டியிருக்குமே!

"நீ மட்டும் அன்னைக்கு ஒழுங்கா மணி அடிச்சிருந்தேன்னா நான் அந்த ரயில்ல ஏறியிருக்கவே மாட்டேன்" என்றான் எம்ரிஸ். எந்த வாரம், எந்தக் கதை, யார் வீடு, எல்லாம் அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. "உனக்கு நான்தான் நன்றி சொல்லணும்னு இருந்தேன். நீ எங்கே? என்னைக் கண்டாலே ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு அடுத்த அறைக்கு ஓடிடுவே."

ஹெஸ்டர் மேஜைமேல் இருந்த அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுதி வைத்த வசனம் எல்லாம் தீர்ந்துவிட்டது.

"நன்றி, எம்ரிஸ்" என்றாள்.

வெகு நேரம் கழித்துத்தான் ஃபெர்கஸ் "கட்" என்றான். யாரும் கை தட்டவில்லை, அவரவர் மூக்கைச் சிந்துவதில் மும்முரமாக இருந்தார்கள். ரோவீனா கைப்பையைத் துழாவி போனை எடுத்தாள். "அந்தக் கோட்டுக்காரருக்கு நான் சொல்லிடறேன், வர வேண்டாம்னு" என்று ஹெஸ்டரின் தோளைத் தொட்டுவிட்டு வெளியே போனாள். ஜன்னலில் வெளிச்சம் இன்னும் ஒரு பத்து நிமிஷத்துக்கு இருந்தது.

ஃபெர்கஸ் மேஜைக்குப் பக்கத்தில் வந்து குந்தினான். "ஒரே ஒரு விஷயம். சொல்லவே சங்கடமா இருக்கு. கடைசில 'வால்டர்'னு வரணும். 'எம்ரிஸ்'னு வந்துடுச்சு. அந்த ஒரு வார்த்தையை மட்டும் இன்னொரு தடவை எடுத்துடலாமா? பேரை மாத்தினது யாருன்னு குறிச்சீங்களா, நோரீன்?"

ஹெஸ்டர் வாயைத் திறப்பதற்குள் எம்ரிஸ் முந்திக்கொண்டான்.

"என் தப்பு, தம்பி. நான்தான் என்னென்னவோ பேசி அவளைக் குழப்பிட்டேன். பாவம், அந்தப் பொண்ணு சமாளிச்சா."

ஹெஸ்டர் எழுந்து நின்றாள்.

"இல்ல" என்றாள், அங்கிருந்த முப்பது பேருக்கும், வெளியே போனோடு நின்ற ரோவீனாவுக்கும் கேட்கும்படி. "அவன்மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு பண்ணினது நான்தான். நான் மட்டும்தான். நோரீன், என் பேரைப் போட்டு எழுதிக்கோ."